பல்லக்காவின் மேசை

பல் வெள்ளையாக இருக்கும் என்று யாராவது சொன்னால் பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "வாயைத் திறந்து ஜன்னல் பக்கம் திரும்புங்க, எத்தனை நிறம் இருக்குன்னு நான் எண்ணிச் சொல்றேன்" என்பாள். ஈறோரம் மஞ்சள், நடுவில் பால் நிறம், நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு நீலம், இடுக்குகளில் டீயும் புகையும் விட்டுப்போன பழுப்பு. நாற்பதைத் தாண்டியவர் பல்லில் மயிரிழை விரிசல் ஒன்றாவது இருக்கும். நாம் கடைப் பலகையைப் படிப்பதுபோல அவள் இதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவாள்.

நாங்கள் வேலை பார்த்தது செயற்கைப் பல் செய்கிற பட்டறையில். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். பின்னறையில் அந்த அச்சுக்குள், காய்ந்தால் கல்லாக இறுகுகிற ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையின் நகலை எடுப்பார்கள். அதன்மேல் பொருந்துகிற உலோகக் கூட்டை நான் வார்ப்பேன். கூட்டின்மேல் பீங்கான் பொடியைத் தூரிகையால் அடுக்கடுக்காகத் தடவி, சின்ன உலையில் சுட்டு, நிறம் ஏற்றுவது கடைசி வேலை. அதற்காக முன்கூடத்தில் ஜன்னலோரமாக ஒரு மேசை இருந்தது. பகல் வெளிச்சம் நேராக விழுகிற ஒரே இடம் அதுதான். பட்டறையின் பெயர் நிலைப்பதும் கெடுவதும் அந்த மேசையில் உட்காருகிற ஆளின் கண்ணைப் பொறுத்தது.

இருபது வயதில் மாவு கலக்க வந்தவள் மூன்றே வருடத்தில் அந்த மேசைக்கு வந்துவிட்டாள். என்னைவிட வயதில் சிறியவள்தான். இருந்தாலும் பட்டறை முழுக்க அவளைப் பல்லக்கா என்று கூப்பிட ஆரம்பித்தபோது நானும் சேர்ந்துகொண்டேன். அவள் பதிலுக்கு என்னை அண்ணா என்பாள். "அக்காவுக்கு அண்ணன், உறவு முறையே தலைகீழா இருக்கே" என்று முதலாளி கிண்டல் செய்வார். அவர் கிண்டல்காரர். "மத்தவன் பல்லைக் காட்டினா நமக்குக் கோபம் வரணும். இங்க பாரு, அதுதான் பொழைப்பு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை ஒரு தலைமையாசிரியர் எங்கள் மாடிப்படி ஏறி நேரிலேயே வந்தார். முன்பல் ஒன்று உடைந்து, இரண்டு முறை வேறெங்கோ செய்து போட்டும் சரியாக அமையவில்லை. "பிள்ளைங்க என் வாயைத்தான் பாக்குது, கரும்பலகையைப் பாக்கறதில்லை" என்றார் வருத்தமாக. பல்லக்கா அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து அரை மணி நேரம் பார்த்தாள். பக்கத்துப் பல்லில் இருந்த விரிசலைப் போலவே புதுப் பல்லிலும் ஒரு விரிசல் வரைந்தாள். ஒரு வாரம் கழித்து அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, "எது புதுசுன்னு இவளால கண்டுபிடிக்க முடியலை" என்று வாயைத் திறந்து காட்டினார். முப்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்திய மனைவி. பல்லக்கா அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் பிற்பாடு நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

இருபத்திரண்டில் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கணவர் ஓர் அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தர். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். இருபத்து நாலில் பையன் பிறந்தான். மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். கீழ்வீட்டில் இருந்த நாத்தனார் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு மார்பில் பால் கட்டிச் சட்டை நனைந்துவிடும். பீங்கான் பொடி படிந்த மேலங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு வருவாள். வந்து உட்கார்ந்ததும் தூரிகையை எடுப்பாள். கை நடுங்காது. "அழுதியா?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "அழுதா கண்ணு சிவந்துடும் அண்ணா, நிறம் தப்பாத் தெரியும்" என்றாள்.

பையனுக்கு எட்டு வயதானபோது பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். பையன் பாடம் படிக்கிறதில்லை, புத்தகத்தைத் திறந்தால் தலை வலிக்கிறது என்கிறான், வகுப்பிலேயே கடைசி. கணவனும் மனைவியும் ஒன்றாகத்தான் போனார்கள். வகுப்பாசிரியை எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி, "அம்மா வேலைக்குப் போறீங்களா?" அப்பா வேலைக்குப் போகிறாரா என்று கேட்கவில்லை. பல்லக்கா ஆமாம் என்றாள். ஆசிரியை தலையை ஆட்டி நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். வைத்தியர் நோயைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்ததாம் அந்த மூடல்.

வீட்டில் யாரும் அவளை வேலையை விடச் சொல்லவில்லை. இதை அவள் என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். கணவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் விடுன்னு சொல்ல மாட்டேன். நீ படிச்சவ, உனக்கே தெரியும். யோசிச்சு நல்ல முடிவா எடு." நாத்தனார் சொன்னது: "நான் எவ்வளவு பாத்தாலும் அத்தைதானே? குழந்தைக்கு அம்மா வேணும்மா."

கத்திச் சொல்லியிருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். எல்லோரும் அன்பாகச் சொன்னதால் அவளால் பதில் பேச முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் யோசித்தாள். பிறகு முதலாளியிடம் கடிதம் கொடுத்தாள். பன்னிரண்டு வருட வேலைக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினோம். வேலையே இல்லாமல் வீட்டுக்குப் போகிறவளுக்கு மணி பார்க்கக் கடிகாரம் கொடுக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியாது. ஒருவேளை எனக்கேகூடத் தோன்றியிருக்கலாம்.

அதன்பிறகு பையன்தான் அவளுக்கு மேசை.

அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாதவள் அவள். பள்ளிப் பாடம் முழுவதையும் தானே முதலில் படித்தாள். அவன் பள்ளிவிட்டு வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பாடத்தையும் சத்தமாக வாசித்துக் காட்டினாள். கணக்கையும் வாயால் சொன்னாள். அவன் கேட்டுக்கேட்டு மனப்பாடம் செய்தான். ஒரே வருடத்தில் கடைசியிலிருந்து நடுவுக்கு வந்தான், அடுத்த வருடம் முதல் பத்துக்குள். "பாத்தியா, அம்மா பக்கத்துல இருந்தா தானா சரியாயிடும்னு சொன்னேன்ல?" என்றாள் நாத்தனார். தானாகவாம். கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் மதிப்பெண் அட்டையை எடுத்துக் காட்டி, "என் பையன்" என்பார். பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் அவர் அழகான கையெழுத்தில் இல்லத்தரசி என்று எழுதினார். "அரசியாம். எந்த நாட்டுக்கு அண்ணா?" என்று கடைத்தெருவில் பார்த்தபோது என்னிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க மேல்வரிசையில ஒண்ணு தேய்ஞ்சிட்டு வருது, கவனிங்க" என்றாள். தெருவில் போகிறவர், தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர், எல்லோருடைய பல்லையும் இப்படித்தான் பார்ப்பாளாம். பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. துடைத்த அலமாரியை இன்னொரு தரம் துடைப்பாளாம்.

பையனுக்குப் பதின்மூன்று வயதில் பள்ளிக்குக் கண் மருத்துவர்கள் வந்து எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். அவன் வலக்கண்ணை மூடியதும் சுவரில் இருந்த அட்டையே தெரியவில்லை. இடக்கண் பிறந்ததிலிருந்தே முக்கால்வாசி வேலை செய்யவில்லை. வலக்கண்ணிலும் கோளாறு. பக்கத்திலிருக்கும் எழுத்து அவனுக்கு எப்போதும் இரண்டாகத்தான் தெரிந்திருக்கிறது. "இவ்வளவு நாள் எப்படிப் படிச்சான்?" என்று மருத்துவர் ஆச்சரியப்பட்டாராம். எப்படிப் படித்தான் என்பது பல்லக்காவுக்குத் தெரியும். அவள் வாசித்தாள், அவன் கேட்டான். அவள் வீட்டில் இல்லாமல் போயிருந்தால் அவன் திணறியிருப்பான், யாராவது சீக்கிரமே கண்ணைச் சோதித்திருப்பார்கள். "எட்டு வயசுல வந்திருந்தா இடக்கண்ணை ஓரளவு மீட்டிருக்கலாம்" என்றும் அதே மருத்துவர் சொன்னார்.

மயிரிழை விரிசலைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற கண். பெற்ற பிள்ளையின் கண்ணை ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. வேலைக்குப் போனதால்தான் பிள்ளை கெட்டான் என்றார்கள், விட்டாள். விட்டதால்தான் கெட்டான் என்று இப்போது தெரிந்தது. அதை அவளைத் தவிர யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. "சரி விடு, கண்ணாடி போட்டாச்சுல்ல" என்றார் கணவர். நாத்தனார், "எல்லாம் நேரம்" என்றாள்.

அந்த வாரமே பல்லக்கா மறுபடி வேலைக்குப் போகிறேன் என்று கேட்டிருக்கிறாள். கணவர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "இப்பதானே பெரிய வகுப்பு வருது. இத்தனை நாள் பாடுபட்டுட்டு இப்ப விட்டா எல்லாம் வீணாப் போயிடாதா? நீயே யோசி."

யோசித்தாள். இருந்துவிட்டாள். முன்னைவிட இரண்டு மடங்கு இறுக்கமாகப் பையனைப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கும் நேரம், படிக்கும் நேரம், பேசக்கூடிய நண்பன், பேசக்கூடாத நண்பன் எல்லாம் அவள் தீர்மானித்தாள். தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினாள். பல் மெருகேறும். பையனுக்கு மூச்சு முட்டியது. பத்தொன்பது வயதில் வெகு தூரத்தில் இருக்கிற கல்லூரியாகப் பார்த்து எழுதிப் போட்டு, இடம் கிடைத்தபிறகுதான் வீட்டில் சொன்னான்.

போனபிறகும் அவள் தினம் நாலு தடவை போன் செய்வாள். சாப்பிட்டியா, கண்ணாடியைத் துடைச்சியா, பரீட்சை எப்போ. ஒருநாள் மத்தியானம் அவன் பொறுமை போய்விட்டது. அன்று பேசியதை அவள் ஒரு சொல் விடாமல் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, வேற ஏதாவது வேலை இருந்தா பாரேன்."

"எனக்கு என்னடா வேலை? உன்னைத் தவிர?"

"அதுதான்மா பிரச்சினை. நான் உன் வேலை இல்லை."

"உனக்காகத்தான்டா நான் எல்லாத்தையும் விட்டேன்."

"நான் கேட்டேனா? எட்டு வயசுல நான் வந்து, அம்மா வேலையை விடுன்னு உன்னைக் கேட்டேனா? நீங்க பெரியவங்க எல்லாம் சேர்ந்து முடிவெடுத்துட்டு கடனை என் தலையில கட்டறீங்க. என்னால அடைக்க முடியாதும்மா."

போனை வைத்துவிட்டான். கெட்ட பிள்ளை என்று சொல்லமாட்டேன். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. "அவன் சரியாத்தான் சொன்னான் அண்ணா. தப்பாச் சொல்லியிருந்தா நாலு அறை விட்டிருப்பேன்" என்றாள்.

நாற்பத்து மூன்று வயதில் பல்லக்கா எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். முதலாளிக்கு எழுபதை நெருங்கியிருந்தது. கிண்டல் குறையவில்லை. "விழுந்த பல்லு திரும்ப முளைச்சு இப்பதான் பாக்கறேன்" என்றார். ஆனால் ஜன்னலோர மேசையில் ஆள் இருந்தது. சின்னவள் என்று கூப்பிடுவோம், இருபத்தாறு வயதுப் பெண். படிப்பு முடித்துவிட்டு வந்தவள், கெட்டிக்காரி, கை சுத்தம். பல்லக்காவின் கண் அவளுக்கு இல்லை. ஆனாலும் மோசமில்லை. மருத்துவர்கள் யாரும் குறை சொல்லி அனுப்பவில்லை. ஆகவே முதலாளி பல்லக்காவைப் பின்னறைக்கு அனுப்பினார். இருபது வயதில் எங்கே தொடங்கினாளோ அங்கே. மாவு கலக்க.

வாயைத் திறக்காமல் கலக்கினாள். கட்டி தட்டாமல், குமிழி இல்லாமல் ஊற்றினாள். கையில் மாவு காய்ந்து தோல் வெடித்தது. கணவர், "நமக்கு என்ன குறை? இந்த வயசுல எதுக்கு இந்தக் கூலி வேலை?" என்றாராம். யோசித்துப் பார் என்று இந்தத் தடவை சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தாலும் அவள் யோசித்திருக்கமாட்டாள்.

நான் பக்கத்தில்தான் உலோகம் உருக்கிக்கொண்டிருப்பேன். எங்கள் அறைக்கும் முன்கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. பல்லக்கா நின்ற இடத்திலிருந்து ஜன்னலோர மேசை நேராகத் தெரியும். சின்னவள் உலையிலிருந்து ஒரு பல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கும்போதெல்லாம் இவள் கை நின்றுவிடும். "நுனியில சாம்பல் அடிக்குது" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகுவாள். "போய்ச் சொல்லேன்" என்பேன். "எனக்கெதுக்கு? மாவு கலக்கறவ நிறம் சொல்லலாமா?" என்பாள். அப்படியே இரண்டு வருடம் போனது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் மூவரும் பின்னறைப் பலகையில் சேர்ந்து உட்காருவோம். சின்னவளுக்குப் பல்லக்கா மேல் மரியாதை. பழைய பெயர் அவள் காதில் விழுந்திருந்தது. "அந்தத் தலைமையாசிரியர் பல்லு கதையைச் சொல்லுங்க அக்கா" என்று கேட்பாள். பல்லக்கா சொல்லமாட்டாள். நான் சொல்வேன்.

சின்னவளுக்குக் குழந்தை பிறந்தது. நாலாவது மாதம் வேலைக்கு வந்தாள். குழந்தைக்கு நெஞ்சில் சளி, மூச்சு இழுப்பு. பார்த்துக்கொள்ள வைத்த பெண் சரியில்லை என்று இரண்டு பேரை மாற்றினாள். வாரத்தில் ஒருநாள் விடுப்பு எடுத்தாள், பிறகு இரண்டு நாள். மீதி நாளில் கண்ணில் தூக்கம் வழிய உட்கார்ந்து தூரிகை பிடித்தாள். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வேற யாரைக் கேட்டாலும் அவங்கவங்களுக்கு எது சௌகரியமோ அதைச் சொல்றாங்க. நீங்கதான் ரெண்டையும் பார்த்தவங்க. அவரு வேலையை விடுங்கறாரு. எனக்கு விட மனசில்லை. விட்டா குழந்தைக்கு நல்லதா? நீங்க விட்டது நல்லதாப் போச்சா?"

பல்லக்கா வாயிலிருந்ததை மெதுவாக மென்று விழுங்கினாள். நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். விடாதே, செத்தாலும் விடாதே, குழந்தையை நல்ல மருத்துவரிடம் காட்டு, வேறு ஆள் தேடு, உன் கணவனை ஒரு மாதம் விடுப்பு எடுக்கச் சொல் என்பாள். சின்னவள் இல்லாதபோது என்னிடம் எத்தனை மத்தியானம் இதே பலகையில் அப்படிப் புலம்பியிருக்கிறாள். சின்னவளின் தலைக்கு மேலாக அவள் கண் முன்கூடத்துக்குப் போனது. மேசைமேல் வெயில் விழுந்து கிடந்தது. தூரிகைகள் குவளையில் நின்றன.

"குழந்தைக்கு அம்மா வேணும்மா" என்றாள் பல்லக்கா.

அன்பாகத்தான் சொன்னாள். சின்னவள் உடைந்து அழுதாள். பல்லக்காவின் மாவு படிந்த கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதை உங்க வாயால கேக்கணும்னுதான் இருந்தேன் அக்கா" என்றாள்.

நான் வாய் திறந்திருக்கலாம். எனக்கென்ன, பெண்கள் விஷயம் என்று எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன். எங்கள் வீட்டிலும் ஒருத்தி நல்ல வேலையை விட்டுவிட்டு என் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். அவளிடம் நான் ஒருநாளும் நல்லதாகப் போச்சா என்று கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயம்.

மாத முடிவில் சின்னவள் போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமை பல்லக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள், நிற மாதிரிகளை எடுத்துத் துடைத்து வரிசைப்படுத்தினாள், முதல் பல்லைத் தொட்டாள். பதின்மூன்று வருடம் இடையில் போயிருந்தது. மூன்றாவது வாரம் ஒரு மருத்துவர் போனில் கூப்பிட்டு, "யாரு செஞ்சது? பழைய அம்மாவா?" என்று கேட்டார். அன்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தலைமையாசிரியர் வந்த நாளின் முகம். பொய் சொல்லமாட்டேன், அதில் துளி குற்றவுணர்வு இல்லை.

ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"உனக்குத் தெரியும்."

அவள் தூரிகையைத் தண்ணீரில் அலசினாள். "வேணும்னேதான் சொன்னேன் அண்ணா. வாய் தவறி வந்துடுச்சுன்னு நினைக்காதீங்க."

"பாவம் இல்லையா?"

"என்கிட்ட சொன்னவங்க யாரும் பாவம்னு நினைக்கலையே. அவங்க எல்லாரும் நிம்மதியாத் தூங்கினாங்க. நானும் தூங்கறேன்."

"அப்படி என்ன இருக்கு இந்த மேசையில? இதுவும் வேலைதானே, முதலாளிக்குச் செய்யற வேலை. நாளைக்கே நீ விழுந்தா இன்னொருத்தியை வெச்சிப்பாரு."

"வெச்சிக்கட்டும். எனக்கு இதுல பெரிய அர்த்தம் எல்லாம் ஒண்ணும் தெரியலை. ஆனா ஒரு பல்லைச் செஞ்சு முடிச்சா, அது முடிஞ்சுடுது அண்ணா. நல்லா இருக்கு, இல்லைன்னா நல்லா இல்லைன்னு யாராவது சொல்லிடறாங்க. பிள்ளை வளக்கறதுல எது முடிஞ்சது? பத்தொன்பது வருஷம் கழிச்சு, நான் கேட்டேனான்னு கேக்குது."

பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனாகவே கூப்பிடுகிறான் என்றும் சொன்னாள். அவள் கூப்பிடுவதில்லை. நேரமில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு பிற்பகலில் சின்னவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. மூச்சு இழுப்பு போய்விட்டதாம். யாரோ ஒரு மருத்துவர் கொடுத்த மருந்தில் ஆறே வாரத்தில் சரியாகிவிட்டதாம். ஆறு வாரம். நான் பல்லக்காவைப் பார்த்தேன். அவள் குழந்தையின் முன்பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னதுதான் அக்கா சரி. நல்லவேளை கேட்டேன்" என்றாள் சின்னவள். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள்போலச் சொன்னாள். இளைத்திருந்தாள். நகங்களை ஒட்டக் கடித்திருந்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குவளையிலிருந்து ஒரு தூரிகையை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினாள். "இந்தப் பொடி இப்ப வேற டப்பாவுல வருதா?" என்று கேட்டாள். பிறகு தட்டில் சுடத் தயாராக இருந்த ஒரு பல்லைப் பார்த்தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஈறோரத்துல மஞ்சள் கொஞ்சம் குறையுதே அக்கா" என்றாள்.

பல்லக்கா எழுந்து அவள் கையிலிருந்த பல்லை வாங்கிக்கொண்டாள். "குழந்தை அழறான் பாரு, போ" என்றாள்.

குழந்தை அழவில்லை. என் சட்டைப் பொத்தானைத் திருகிச் சிரித்துக்கொண்டிருந்தான். சின்னவள் தூரிகையைக் குவளையில் வைத்துவிட்டு வந்து அவனை வாங்கிக்கொண்டாள். போகிற போக்கில் முதலாளி அறைக்குள் தலையை நீட்டி, "சார், ஏதாவது இடம் இருந்தா சொல்லுங்க, அரைநாள் வேலைன்னாகூடப் பரவாயில்லை" என்றாள். "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்றார் அவர். படியிறங்கும்போது குழந்தை எங்களைப் பார்த்துக் கையாட்டினான்.

பல்லக்கா அந்தப் பல்லை ஜன்னலருகே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். ஈறோரத்தைச் சுரண்டி எடுத்து, மஞ்சள் கூட்டி மறுபடி பூசினாள், உலையில் வைத்தாள். மூன்றாம் நாள் அந்தப் பல்லைக் கேட்டிருந்த மருத்துவர் போன் செய்து, இப்படி ஒரு பல்லைத் தான் பார்த்ததே இல்லை என்று பாராட்டினார். முதலாளி கூடத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னார். பல்லக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று மாலை பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் நான் அவளிடம் சொன்னேன். "ரெண்டு பேருக்கு வேண்டிய வேலை இருக்கு. அந்தப் பொண்ணுக்கு ஒரு மேசை போடச் சொல்லி நீ கேட்டா முதலாளி மறுக்க மாட்டாரு."

"எங்க போடறது? ஜன்னலோரத்துல இடம் இல்லையே" என்றாள் பல்லக்கா.

ஜன்னல் அகலமானது. ஓரமாக அடுக்கியிருந்த மாவு மூட்டைகளை நகர்த்தினால் இன்னொரு மேசை தாராளமாகப் போடலாம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் போய் முதலாளியிடம் சொல்லவில்லை.